கொடுத்த வாக்குறுதி என்ன ஆயிற்று? வார்டு வாக்காளருக்கான முழுமையான வழிகாட்டி

மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருவுக்கு வடிகால் கட்டித் தருகிறேன் என்றார். இரண்டு நாளைக்கு ஒரு முறை குடிநீர், எரியாத விளக்குகளுக்குப் பதில் புது விளக்கு, பிள்ளைகள் விளையாட ஒரு பூங்கா என்றார். வீடு வீடாக வந்து, பெரியவர்களைக் கும்பிட்டுக் கேட்டார். ஓட்டுப் போட்டோம், ஜெயித்தார். அதன் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. தண்ணீர் அதே இடத்தில்தான் நிற்கிறது.

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. அதற்கு முந்தைய தேர்தல் 2011-இல். அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2016-இல் முடிந்த பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள்தான் நகரங்களை நடத்தினார்கள். தெருவில் பள்ளம் விழுந்தால் கேட்பதற்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலம் அது. அந்தக் காத்திருப்புக்குப் பிறகு போட்ட ஓட்டு என்பதால் எதிர்பார்ப்பு பெரிது, ஏமாற்றமும் பெரிது.

இந்த ஏமாற்றம் பெரும்பாலும் "எல்லாரும் இப்படித்தான்" என்ற பெருமூச்சில் முடிந்துவிடுகிறது. அப்படி முடியக் கூடாது. தேர்தல் வாக்குறுதியை வாக்குறுதியாகவே வைத்துக் கேட்டால் சட்டத்தில் அதற்குப் பதில் கிடையாது. அதையே ஒரு மனுவாக, தீர்மானமாக, கோப்பு எண்ணாக மாற்றிவிட்டால் யாராவது ஒருவர் கையெழுத்திட்டுப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை, இதுவரை எந்த அலுவலகப் படியும் ஏறாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் படி: சொன்னதை எழுத்தில் பிடியுங்கள்

தேர்தல் நோட்டீஸை யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். தெருக்கூட்டத்தில் பேசிய வீடியோ ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும். தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால், அந்தக் கூட்டத்தில் இருந்த நான்கைந்து பேர் உட்கார்ந்து, நினைவில் இருப்பதை எழுதுங்கள். எழுதும்போது "வார்டை முன்னேற்றுவேன்" வகைப் பேச்சை விட்டுவிடுங்கள். அதை நிறைவேற்றினாரா இல்லையா என்று யாராலும் காட்ட முடியாது. எந்தத் தெரு, எந்த முனையிலிருந்து எந்த முனை வரை, என்ன வேலை என்று சொல்லக்கூடிய வாக்குறுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை மூன்றோ நான்கோதான் தேறும். அது போதும்.

ஒவ்வொன்றுக்கும் இன்றைய நிலையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கட்சியின் மாநிலத் தேர்தல் அறிக்கையில் இருந்ததை இந்தப் பட்டியலில் கலக்காதீர்கள். அதற்கு உங்கள் கவுன்சிலர் பொறுப்பாளி இல்லை. கலந்துவிட்டால் உங்கள் நியாயமான கேள்வியும் கட்சிச் சண்டையாகிவிடும்.

இரண்டாம் படி: அது அவர் கையில் இருந்த வேலையா?

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். ஆண்டுக்கணக்கில் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பவர்களும் அவர்கள்தான்.

முதலில் ஒரு வேறுபாடு. கிராம ஊராட்சித் தலைவர் நேரடியாக நிர்வாக அதிகாரம் உள்ளவர். ஊராட்சிப் பணத்தை விடுவிக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவருடைய ஒப்புதலும் வேண்டும். நகராட்சி, மாநகராட்சிக் கவுன்சிலர் அப்படி இல்லை. அவர் மன்றத்தில் பேசலாம், கேள்வி கேட்கலாம், தீர்மானத்துக்கு ஓட்டுப் போடலாம். வேலையை நடத்துவதும் பில்லைப் பாஸ் செய்வதும் ஆணையரும் பொறியாளர்களும்தான். எனவே "நானே போட்டுத் தருகிறேன்" என்று ஒரு கவுன்சிலர் வேட்பாளர் சொன்னால், அது சொல்லும்போதே பாதி உண்மை. "மன்றத்தில் பேசி வாங்கித் தருகிறேன்" என்பதுதான் முழு உண்மை.

அடுத்தது துறை. சென்னையில் தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், உட்புறச் சாலைகள் மாநகராட்சியின் வேலை. குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத்தின் வேலை. இதனால்தான் வாரியம் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்துக்கு மாநகராட்சியையும், மாநகராட்சி வடிகாலில் கலக்கும் சாக்கடைக்கு வாரியத்தையும் கைகாட்டுவது ஓயாமல் நடக்கிறது. மற்ற நகராட்சிகளில் குடிநீர் வினியோகம் நகராட்சியிடமே இருக்கும். பெரிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைக் கட்டுவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். மின்கம்பி மின்வாரியத்துடையது, அந்தக் கம்பத்தில் தொங்கும் தெருவிளக்கு உள்ளாட்சியுடையது. பட்டா வருவாய்த் துறை. ரேஷன் கடை உணவு வழங்கல் துறை. ஊருக்கு நடுவே போனாலும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. அந்தச் சாலையில் ஒரு கல்லை நகர்த்தவும் கவுன்சிலருக்கு அதிகாரம் இல்லை.

இப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியல் இரண்டாகப் பிரியும். அவர் கையில் இல்லாததை வாக்குறுதியாகக் கொடுத்திருந்தால் அதுவும் ஒரு தவறுதான், ஓட்டுக்காகச் சொன்ன தவறு. ஆனால் அந்த வேலை நடக்க வேண்டுமென்றால் மனு வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவர் கையில் இருந்தும் செய்யாததுதான் அவரிடம் கணக்குக் கேட்க வேண்டியது.

பணத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். பூங்கா, பேருந்து நிழற்குடை, அங்கன்வாடிக் கட்டடம் போன்றவற்றைச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ நாடாளுமன்ற உறுப்பினரின் நிதியிலோ கேட்கலாம். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. ஒருவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் அளவுக்கு வேலைகளைப் பரிந்துரைக்க வழி உண்டு. கவுன்சிலர் அந்த நிதியைக் கேட்டுக் கடிதமாவது கொடுத்தாரா என்பது நியாயமான கேள்வி.

மூன்றாம் படி: நேரில் போய்க் கேளுங்கள்

தனியாகப் போகாதீர்கள், ஊரையே திரட்டிக்கொண்டும் போகாதீர்கள். தெருவில் நாலு பேர் மதிக்கும் ஐந்தாறு பேர் போதும். அவர்களில் அவருக்கு ஓட்டுப் போட்டவர் ஒருவராவது இருக்கட்டும். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று தோன்றினால், அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே குறியாக இருப்பார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் வந்தது. ஆனால் பல வார்டுகளில் ஜெயித்த பெண் வீட்டுக்குள் இருக்க, கணவரோ அண்ணனோ "கவுன்சிலர்" என்று வலம் வருகிறார். நாமும் அவரிடமே போய், "அண்ணே, தண்ணி வரல" என்கிறோம். அப்படிச் செய்யாதீர்கள். ஓட்டு வாங்கியவர் அந்த அம்மா. மன்றத்தில் பேசும் உரிமையும் அவருக்குத்தான். "கவுன்சிலரம்மாவைப் பார்க்க வந்திருக்கோம்" என்று சொல்லி வாசலில் காத்திருங்கள். அவரிடம் நேராகப் பேசுங்கள். அவர் பதவியை அவரே நடத்துவதற்கு வார்டு மக்கள் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

போனதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வேலைக்காக மன்றத்தில் பேசினீர்களா, எந்தக் கூட்டத்தில்? எஸ்டிமேட் போட்டாயிற்றா? இப்போது யார் மேசையில் நிற்கிறது? உண்மையாக முயன்றவர் இந்தக் கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொல்வார்; பல நேரம் தன் மனக்குறையையும் கொட்டுவார். எதிர்க்கட்சி வார்டு என்பதால் ஒதுக்குகிறார்கள், டெண்டர் எடுக்க ஆள் வரவில்லை, ஒப்பந்ததாரர் பாதியில் விட்டுப் போனார் என்று காரணங்கள் வரும். அவை எல்லாமே சாக்காக இருக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவருடன் சேர்ந்து மனுக் கொடுங்கள். அவருக்கும் பலம், உங்களுக்கும் பலம். "பார்க்கலாம், பண்ணிடலாம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

நான்காம் படி: மனுவும் ஒப்புகையும்

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. வடிகாலையும் விளக்கையும் பூங்காவையும் ஒரே தாளில் எழுதினால், மூன்று பிரிவு எழுத்தர்களும் அது அடுத்த மேசைக்குரியது என்று தள்ளிவிட முடியும். பெறுநர் ஆணையர் (பேரூராட்சியில் செயல் அலுவலர், ஊராட்சியில் தலைவர்). நகல் கவுன்சிலருக்கு. இப்படி எழுதலாம்:

"எங்கள் வார்டில் இந்தத் தெருவின் கிழக்கு முனை முதல் பள்ளிக்கூடம் வரை மழைநீர் வடிகால் இல்லாததால், ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நாள்கணக்கில் தேங்குகிறது. படங்கள் இணைத்துள்ளோம். இப்பகுதியில் வடிகால் அமைக்க மதிப்பீடு தயாரித்து, அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்."

வேட்பாளர் கொடுத்த வாக்குறுதியைப் பற்றி இதில் ஒரு வரியும் வேண்டாம். ஆணையர் அதற்குப் பொறுப்பல்ல. கீழே தெருவாசிகளின் கையெழுத்தும் கதவு எண்ணும் இருக்கட்டும். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தர மறுத்தால், சேர்ப்பித்ததற்கான அத்தாட்சியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். சென்னையில் 1913 என்ற எண்ணிலும், மாநிலம் முழுவதும் முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை போன்ற சின்ன வேலைகளுக்குத் தொலைபேசியே போதும். புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டுமென்றால் தாள்தான் நிற்கும்.

ஐந்தாம் படி: சபையில் எழுந்து நில்லுங்கள்

கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபைதான் பெரிய ஆயுதம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு நாள்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். ஆள் சேராத கூட்டத்தைச் சேர்ந்ததாகக் காட்டும் வழக்கம் நின்றுபோக, நீங்கள் வந்து உட்கார்வதே முதல் மருந்து.

கோரிக்கையை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பேசி முடித்ததும், "இதைத் தீர்மானமாக எழுதுங்க, எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க" என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகைப் பதிவு என்று சொல்லி வாங்கிய கையெழுத்து, நீங்கள் கேட்டிராத தீர்மானத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடலாம். அலைபேசியில் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியின் திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. கூட்டத்துக்கு முன்னால் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனால் உங்கள் கேள்வியின் எடை கூடும்.

2019-இல் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் நாற்காலி காலியாக இருக்கும்போதும் கிராம சபை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கேள்வி தனி அலுவலரை நோக்கிப் போகும், அவ்வளவுதான்.

நகரத்தில் இதற்கு இணையாக வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. 1992-இன் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிக்கு வழி திறந்தும், தமிழ்நாட்டில் இவற்றுக்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடியபோது, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். வார்டு குழுவுக்குத் தலைவர் உங்கள் கவுன்சிலர். இந்தக் கூட்டங்கள் பல வார்டுகளில் மக்களுக்குத் தெரியாமலே நடந்து முடிகின்றன. "எங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது, அடுத்தது எப்போது" என்று எழுதிக் கேளுங்கள். இப்படி ஒரு சபை இருப்பதே தெரியாத தெருவில், அந்த ஒரு கேள்வியே வேலையைத் தொடங்கிவைக்கும்.

ஆறாம் படி: பத்து ரூபாயில் கோப்பைத் திறப்பது

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. சாதாரண மனிதருக்கு இந்த நாடு கொடுத்த சட்டங்களில் இதற்கு ஈடானவை மிகச் சில என்பது என் உறுதியான எண்ணம். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

புதியவர்கள் சறுக்கும் இடம் கேள்வியின் வடிவம். "ஏன் இன்னும் வடிகால் போடவில்லை?" என்று கேட்டால், "விளக்கம் கேட்பது தகவல் ஆகாது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இந்தத் தேதியில் நாங்கள் கொடுத்த மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல். இந்த வார்டில் இந்த மூன்று நிதியாண்டுகளில் எடுத்த வேலைகளின் பெயர், மதிப்பீடு, கொடுத்த தொகை, ஒப்பந்ததாரர் அடங்கிய பட்டியல். இந்த வேலைக்கான நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒர்க் ஆர்டர் நகல். எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் இந்த வேலைக்கான பக்கங்கள். எங்கள் கவுன்சிலர் மன்றத்தில் எழுப்பிய கேள்விகள், அவர் வந்த, வராத கூட்டங்களின் வருகைப் பதிவு.

கடைசி வரியைத் தவறாமல் சேர்த்துவிடுங்கள். ஒருவர் முயன்றாரா, முயலவில்லையா என்பதை மன்றத்தின் வருகைப் பதிவும் நடவடிக்கைக் குறிப்பும் சொல்லிவிடும். முயன்று தோற்றவர் மீது இருந்த கோபம் அங்கேயே தணிந்துவிடும். கூட்டத்துக்கே போகாதவரின் கதையும் அங்கே வெளிப்படும்.

எம்-புக் இன்னொரு கதவு. போடாத சாலைக்குப் பில் போட்டிருந்தால், நீளம் அகலம் கனம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி அளந்தால் போதும். நடந்த வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட இந்தச் சட்டம் உரிமை தருகிறது.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் சரியாகவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் காலம் பிடிக்கும். ஆனால் முதல் மேல்முறையீடு போனதுமே கோப்பு அசையத் தொடங்குவது அரிதல்ல.

ஒப்பந்தப் பணத்தைத் தொடும் கேள்வி என்றால் ஒருவர் பெயரில் மட்டும் கேட்காதீர்கள். தெருவில் நான்கு பேர் நான்கு மனுவாகப் போடுங்கள். மிரட்டல் வந்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மேலே போவது

திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், முந்தைய மனுவின் ஒப்புகை நகலோடு போங்கள். வெறுங்கையோடு போனால் உங்கள் மனு கீழே அதே அலுவலகத்துக்குத்தான் திரும்பும். முறைகேடு என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதலாம். லஞ்சம் கேட்டால் நேராக லஞ்ச ஒழிப்புத் துறை.

சட்டம் எதைச் செய்யாது

"வாக்குறுதியை மீறினார் என்று கேஸ் போட முடியாதா?" என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. இலவசத் தொலைக்காட்சி, மிக்ஸி, கிரைண்டர் அறிவிப்புகளை எதிர்த்து வந்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கையில் உள்ள வாக்குறுதி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்பது அந்தத் தீர்ப்பு. அதோடு, தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கத் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி, வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கட்சிகள் பொதுவாகவாவது சுட்டிக்காட்ட வேண்டும் என்ற நெறி வந்தது. சட்டம் உள்ளாட்சி மீது சுமத்தியிருக்கும் கடமையை, அதாவது குப்பை அள்ளுவது, சாக்கடை நிற்காமல் பார்ப்பது போன்றவற்றைச் செய்யவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அங்கே நீங்கள் காட்டப்போகும் ஆதாரம், நான்காம் படியில் வாங்கிய முத்திரைதான்.

பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் உரிமை தமிழ்நாட்டு வாக்காளருக்கு இல்லை. ஊராட்சித் தலைவரை நீக்கத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 205-ஆவது பிரிவு இருக்கிறது. அது மாவட்ட ஆட்சியர் வழியாக, ஊராட்சி உறுப்பினர்களைக் கேட்டு நடப்பது. சத்தீஸ்கரில் நகராட்சித் தலைவரை மக்கள் ஓட்டுப் போட்டே இறக்க முடியும். 2008-இல் அங்கே அப்படி இறக்கியும் இருக்கிறார்கள். நமக்கும் அது வேண்டுமா என்பது பேசத்தக்க விஷயம். என் கருத்தில், பணமும் சாதிக் கட்டுப்பாடும் உள்ள ஊர்களில் நல்ல தலைவரை, குறிப்பாகத் தனித்தொகுதியில் வென்றவரை, மிரட்டவே அது முதலில் பயன்படும்.

மறியலும் புறக்கணிப்பும்

காலிக் குடங்களோடு சாலையில் உட்காரும் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேறு எந்தக் குரலும் எடுபடாதபோதுதான் அவர்கள் அங்கே வருகிறார்கள். வீட்டு வாசலில் கறுப்புக்கொடி, ஊர் முகப்பில் தேர்தல் புறக்கணிப்பு பேனர் என்பதும் அப்படித்தான். ஆனால் மறியலில் வழக்கு வரும், அந்த வழக்கு படிக்கிற பிள்ளையின் வேலைவாய்ப்பு வரை தொடரும். போராட்டம் தேவை என்றால் காவல் துறை அனுமதி பெற்ற ஆர்ப்பாட்டமாக நடத்துங்கள். தாசில்தார் பேச்சுவார்த்தைக்கு வந்து, பதினைந்து நாளில் முடித்துத் தருகிறோம் என்று சொன்னால், அதை அந்த இடத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கலைந்தால், முதல் வாக்குறுதியோடு இரண்டாவதாக ஒன்று சேர்ந்ததுதான் மிச்சம். சமூக ஊடகப் பதிவுகளில் யாரையும் திருடன் என்று எழுதாதீர்கள். கையில் ஆவணம் இருந்தால் அதை மட்டும் போடுங்கள்.

அடுத்த தேர்தலுக்கு முன்னால்

வேட்பாளர்கள் வாசலுக்கு வரும்போது கேட்க வேண்டியதை இப்போதே எழுதி வையுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர், வார்டு எண் இரண்டையும் சரிபாருங்கள். வார்டு எல்லை மாறியிருக்கலாம். வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, வழக்கு விவரம் இருக்கும்; போன முறைக்கும் இந்த முறைக்கும் ஒப்பிடுங்கள். எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில், ஒரே மாலையில், தெரு மக்கள் முன்னால் உட்காரவைக்க முடிந்தால் நல்லது. ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியவை: நீங்கள் சொல்லும் வேலை எந்தத் துறையுடையது, எந்த நிதியிலிருந்து, எந்த ஆண்டில்? மன்றக் கூட்டம் முடிந்ததும் என்ன பேசினீர்கள் என்று வார்டு குழுவில் வந்து சொல்வீர்களா? பெண் வேட்பாளர் என்றால், உங்கள் சொந்த போன் எண்ணையே எங்களுக்குத் தருவீர்களா?

பதில்களை ஒருவர் எழுதட்டும், வேட்பாளர் கையெழுத்துப் போடட்டும். அந்தத் தாளின் நகலைத் தெருவில் பத்து வீட்டிலாவது வைத்திருங்கள்.